ஒரு வகை சுட்டுப் பல வகை பெறுதல்

டிசெம்பர் மாதம் பிறந்ததும் அமெரிக்க நாட்டு இல்லங்கள் பலவற்றில் போறணை ஆறுவதே இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு விருந்தினர் வருவர், பிள்ளைகள் கேட்பர், அயலவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒவ்வொரு பெட்டி அனுப்ப வேண்டும். பண்டிகைத் தட்டத்தில் ஆறேழு வகையேனும் இருந்தாலன்றி அது நிறைவுடையதாகத் தோன்றாது. இத்தனை வகையையும் ஒருத்தி தனியே செய்வதெனின் அவள் படும் பாடு கொஞ்சமன்று. இஞ்சி சேர்த்த மாவுக்கு ஒரு பதம். வெண்ணெய் மிகுந்த மாவுக்கு வேறொரு பதம். ஒன்று குளிரவைத்து உருட்ட வேண்டியது; மற்றொன்று குழைத்தவுடன் தட்டில் இட வேண்டியது. பண்டிகை வருமுன்னரே அதன் மகிழ்ச்சி அடுக்களையில் தேய்ந்துவிடுகின்றது. இத்தொல்லைக்கு அந்நாட்டுப் பெண்கள் கண்ட வழியே ‘குக்கிப் பரிமாற்று விருந்து’ என்பது.

குக்கி எனப்படுவது கோதுமை மா, வெண்ணெய், சீனி, முட்டை முதலியன சேர்த்துச் சுடும் சிறு இனிப்புப் பண்டம். கடையில் விற்கும் பிஸ்கற்றுக்கு அது நெருங்கிய உறவு. எனினும் வீட்டுக் கைப்பக்குவமே அதன் உயிர். அச்சொல் ஆங்கிலத்திற் பிறந்ததன்று. இன்றைய நியூயோர்க் நகரம் 1664ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கு மாறுமுன் ஒல்லாந்தரின் குடியேற்றமாய் இருந்தது. சிறு கேக் என்னும் பொருளில் அவர்கள் வழங்கிய ‘கூக்யே’ என்ற சொல்லே அமெரிக்கர் நாவிற் குக்கி ஆயிற்று. அமெலியா சிமன்ஸ் என்பவர் 1796இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே நத்தார்க் குக்கி இடம்பெற்றுவிட்டது. அதே ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களில் 1658இல் போர்த்துக்கேயரை அகற்றி, 1796வரை ஆண்டனர். அரிசி மாவைத் தேங்காய்ப்பாலிற் கரைத்து, அச்சைத் தோய்த்து, கொதிக்கும் எண்ணெயிற் பொரித்தெடுக்கும் ‘கொக்கிஸ்’ என்னும் புத்தாண்டுப் பலகாரத்தின் பெயரும் அந்த ஒல்லாந்தச் சொல்லின் வழிவந்ததே என்பர். பண்டங்கள் வேறாயினும் பெயரளவில் இரண்டும் உடன்பிறப்புக்கள்.

விருந்தின் கணக்கு எளியது. எட்டுப் பெண்கள் கூடுகின்றனர் எனக் கொள்க. ஒவ்வொருத்தியும் தனக்குக் கைவந்த ஒரே வகையில் எட்டு டசின், அதாவது 96 குக்கிகள், சுட்டுக்கொண்டு வருகிறாள். ஒரு டசினைத் தனக்கென வைத்து, ஏனைய எழுவர்க்கும் ஒவ்வொரு டசின் கொடுக்கிறாள். அவர்களிடமிருந்து ஏழு டசின் பெறுகிறாள். கொண்டுவந்ததும் 96, கொண்டுபோவதும் 96. எண்ணிக்கையில் ஒன்றேனும் கூடவில்லை. ஆயினும் ஒரு வகை எட்டு வகை ஆயிற்று. எட்டு முறை மாக் குழைக்கும் வேலை ஒரு முறையோடு முடிந்தது. பொருள் பெருகாமலே பயன் பெருகுதல் இவ்விருந்தின் சிறப்பாகும்.

விருந்தை நடத்துபவள் மூன்று நான்கு கிழமைகளுக்கு முன்னரே அழைப்பு அனுப்புதல் வேண்டும். யார் எவ்வகை கொண்டுவருவார் என்பதை அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளாவிடின், ஒரே வகை நான்கு வீடுகளிலிருந்து வந்து சேரும். வருவோர் தொகை ஆறுக்குக் குறைந்தால் வகை போதாது. பன்னிரண்டுக்கு மேற்பட்டால் ஒவ்வொருத்தியும் சுட வேண்டிய அளவு பெருகி, குறைக்க எண்ணிய சுமை மீண்டும் தலையில் ஏறும். நீண்ட மேசை ஒன்று, ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் எழுதிய அட்டை, சுவை பார்க்கத் தனியாகச் சில குக்கிகள், தேநீர், உப்புச் சுவையுடைய சிற்றுண்டி ஒன்று: இவ்வளவும் போதும். வருவோர் வெறும் பெட்டிகளைக் கொண்டுவந்து நிறைத்துச் செல்வர்.

பண்டம் கெடாதிருக்கச் சில விதிகள் உள. நன்றாக ஆறாத குக்கியைப் பெட்டியில் அடைத்தால் அதன் ஆவி நீராகிக் குக்கி முழுவதையும் நமுக்கச் செய்யும். மொறுமொறுப்பானதையும் மென்மையானதையும் ஒரே பெட்டியில் இடின், மென்மையானதன் ஈரம் மற்றதைப் பற்றிக்கொள்ளும். பாலாடை பூசியவை நெடுநேரம் மேசையிற் கிடத்தற்கு ஏற்றவையல்ல. இவையனைத்தினும் முக்கியமான விதி ஒன்றுண்டு. நிலக்கடலை, எள், பால், முட்டை போன்றவை சிலருடைய உடலுக்கு ஒவ்வா. நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்கு அதன் சிறு துணுக்கும் உயிருக்கே கேடாகலாம். ஆதலால் என்னென்ன சேர்ந்துள்ளன என்பதை அட்டையில் ஒளிக்காமல் எழுதுதல் வேண்டும். ஒரு தட்டின் அகப்பையை மற்றொன்றில் இடுதலும் ஆகாது. வீடு செல்லும் பெட்டியை யார் திறப்பர் என்பது சுட்டவளுக்குத் தெரியாதன்றோ?

பண்டத்தோடு செய்முறைத் தாளும் கைமாறுதல் வழக்கம். தாய்வழி வந்த பக்குவத்தை மறைத்து வைப்பதிற் பெருமை கொள்வோர் எந்நாட்டிலும் உண்டு. ஆனால் 1930களில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் என்னும் பெண்மணி, மாவிற் சொக்கலேற்றுத் துண்டுகளைக் கலந்து சுட்டார். அச்செய்முறை சொக்கலேற்றுப் பொதிகளில் அச்சாகி வீடுதோறும் பரவியது. இன்று அக்குக்கி இன்றி அமெரிக்கப் பண்டிகைத் தட்டம் நிறைவதரிது. கொடுத்ததனால் அவர் கைப்பக்குவம் குறையவில்லை. அவர் பெயரே நிலைத்தது.

எனினும் இவ்விருந்திற்குப் பகை ஒன்றுண்டு, அதுவே போட்டி. அலங்காரத்தில் ஒருத்தியை ஒருத்தி விஞ்ச முயலின், ஓய்வுக்காகப் பிறந்த வழக்கம் மற்றுமொரு சுமையாகிவிடும். சமமாகக் கொடுத்தோரே சமமாகப் பெறலாம் என்னும் கணக்கிலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. நோயுற்றவளும், முதியவளும், வெண்ணெய் வாங்க வகையற்றவளும் அக்கணக்கிற்குப் புறம்பாகிவிடுகின்றனர். இதனை உணர்ந்தோர் சில இடங்களில் ஒரு டசின் மிகுதியாகச் சுட்டுவந்து, அத்தகையோர் வீட்டுக்கு அனுப்புகின்றனர். யாரும் திருப்பிக் கொடுக்க வேண்டாத அந்த ஒரு டசினே மேசையிலுள்ளவற்றுள் மிகச் சுவையானது எனலாம்.

சித்திரைப் புத்தாண்டில் இலங்கையின் வீடுகளுக்கிடையே துணி மூடிய பலகாரத் தட்டங்கள் போய்வருவதை நேயர்கள் அறிவர். அங்கே ஒரு மேசையைச் சுற்றி நடப்பது, இங்கே வேலிப் பொட்டுக்களின் வழியே நடக்கிறது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே எல்லா வீடுகளிலும் எல்லாப் பலகாரமும் செய்யப்படுவதால், கொடுத்த முறுக்கே வேறொரு தட்டில் திரும்பி வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாய் நள்ளிரவுவரை எண்ணெய்ச் சட்டியின் முன் இருக்கிறாள். அயல் வீடுகள் நான்கு முன்கூட்டியே கலந்து பேசி, ஒரு வீட்டார் கொக்கிசும் மற்றொரு வீட்டார் முறுக்கும் எனப் பகிர்ந்துகொண்டால், தட்டத்தில் ஒரு வகையும் குறையாது. புத்தாண்டு பிறக்கும் வேளையில் அந்நான்கு தாய்மாரும் அடுப்பங்கரையை விட்டு, பிள்ளைகளோடு முற்றத்தில் நிற்பர்.