வீடு பழசா, உள்ளே இருக்கும் பொருள் பழசா?



நம் பள்ளியிலிருந்து மதுரைக்குச் சுற்றுலா போய் வந்தது எல்லோருக்கும் தெரியும். அடுத்து எட்டாம் வகுப்பு போகப்போகிறது என்று சார் சொன்னார். அவர்களுக்காகவும், வீட்டில் விடாததாலும் காசு கட்ட முடியாததாலும் வராமல் போன எங்கள் வகுப்புத் தோழிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். பார்த்த இடங்களின் பெயரை மட்டும் வரிசையாக எழுதினால் அது கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி ஆகிவிடும். அதனால் எப்படிப் பார்க்கணும் என்பதை எழுதுகிறேன்.

பழைய அரண்மனை, தலைவர்கள் தங்கிய வீடு, மியூசியம், எதற்குள் போனாலும் ஒரு கேள்வியைக் கையோடு கொண்டு போகணும். பஸ்ஸில் போகும்போதே எங்கள் சமூக அறிவியல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது இது. "இந்தப் பொருள் முதலிலிருந்தே இங்கே இருந்ததா, இல்லை வேற எங்கேயாவது இருந்து வந்ததா?" அவ்வளவுதான். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் நான்கு இடத்தில் கேட்டுப் பார்த்தால் நான்கு விதமாகப் பதில் வருகிறது.

முதலில் திருமலை நாயக்கர் மகால். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்போம். தூண் அவ்வளவு பெரிசு! நாங்கள் மூன்று பேர் கை கோத்துக்கொண்டு ஒரு தூணைக் கட்டிப் பிடித்தோம், விரல் எட்டவே இல்லை. "பம்பாய்" படத்தில் வரும் ஒரு பாட்டை இங்கேதான் எடுத்தார்கள் என்று சொன்னதும் பாதிப் பேர் ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள். அதெல்லாம் சரி. ஆனால் இது ஒரு ராஜா குடியிருந்த வீடு. அப்படியானால் அவர் படுத்த கட்டில் எங்கே? சமையல் செய்த பாத்திரம் எங்கே? விளக்கு எங்கே? ஒன்றுமே காணோம்!

காரணம் இதுதான். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆட்சி செய்தவர். இந்த மகாலைக் கட்டியது 1636இல். இப்போது நாம் பார்ப்பது முழு அரண்மனை இல்லை, ஏறக்குறைய கால் பங்குதான். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்த மரவேலைப்பாடுகளையும் சிற்பங்களையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். வீடு மாறிப் போகிறவர்கள் கதவு நிலையையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போன மாதிரி! பிறகு ரொம்பக் காலம் கவனிப்பார் இல்லாமல் இடிந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுதான் பழுது பார்க்க வைத்தார். சுதந்திரம் வந்த பிறகும் பல வருஷம் மாவட்ட நீதிமன்றம் இதற்குள் நடந்திருக்கிறது. ராஜா வீடு, பிறகு பாழடைந்த வீடு, பிறகு கோர்ட்டு, இப்போது நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம். ஆக இங்கே வீடு மட்டும்தான் அந்த இடத்துக்குச் சொந்தம். அங்கே வைத்திருக்கும் பழைய கற்சிலைகள் பல இடங்களில் கிடைத்து இங்கே வந்து சேர்ந்தவை.

பொருள் இல்லை என்பதற்காகப் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டையே பாருங்கள். சுவரையும் தூணையும் தொட்டால் வழுவழு என்று இருக்கும். செங்கல் கட்டடத்தின் மேல் கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து அரைத்துப் பூசியது என்று சொல்கிறார்கள். எங்க அப்பத்தாவிடம் இதைச் சொன்னதற்கு, "எத்தனை ஆயிரம் கோழி முட்டை போட்டுச்சோ!" என்றது. இன்னொன்றும் கவனித்தேன். நாங்கள் போனது நல்ல உச்சி வெயில் நேரம். உள்ளே ஃபேன் இல்லை, ஆனாலும் புழுங்கவில்லை. கூரை ரொம்ப உயரம், அதனால் சூடான காற்று மேலே போய்விடுகிறது. சுவர் கனம், சூடு உள்ளே இறங்க நேரமாகும். நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று மேலே எழும்பும் என்று அறிவியல் பாடத்தில் படித்ததை அங்கே உடம்பிலேயே உணரலாம். நம் ஊர் ஓட்டு வீட்டு முற்றமும் இதே கணக்குதான், அளவு மட்டும் சின்னது.

ஒரு வருத்தமான விஷயமும் சொல்லணும். அந்த வழுவழு தூணில் கைக்கு எட்டின உயரம் வரைக்கும் ஆணியாலும் சாவியாலும் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். இதய வடிவம் போட்டு இரண்டு எழுத்து, தேதி வேறு! இதைப் பற்றிக் கடைசியில் இன்னொரு தடவை பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாவது இடம் காந்தி மியூசியம். இங்கே கேள்விக்குப் பதில் தலைகீழ். கட்டடம் ஒருத்தருடையது, உள்ளே இருக்கும் பொருள் வேறு ஒருத்தருடையது. வெள்ளையாக இருக்கும் அந்தக் கட்டடம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. பேரன் சின்னக் குழந்தையாக இருந்ததால் அவனுக்காக நாட்டை ஆண்ட பாட்டி அவர். (நம் ஊரில் எத்தனை வீட்டை அப்பத்தாக்கள் நடத்துகிறார்கள், நாட்டை நடத்தினால் என்ன!) பிறகு வெள்ளைக்காரர்கள் காலத்தில் அது அதிகாரிகள் தங்கும் பங்களாவாகி, சுதந்திரத்துக்குப் பிறகு காந்தி நினைவு நிதியிடம் வந்தது. 1959 ஏப்ரல் 15ஆம் தேதி பிரதமர் நேரு வந்து மியூசியத்தைத் திறந்து வைத்தார்.

காந்தி இந்த அரண்மனையில் வாழ்ந்தவர் இல்லை. அவர் இறந்த பிறகுதான் அவருடைய பொருட்கள் இங்கே வந்தன. அதில் முக்கியமானது, 1948 ஜனவரி 30ஆம் தேதி டெல்லியில் அவரைச் சுட்டபோது அவர் உடம்பில் இருந்த துணி. ரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கறை இப்போது சிவப்பாக இல்லை, வெற்றிலைக் கறை காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி மங்கிவிட்டது. அதுவரைக்கும் தள்ளிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்த கூட்டம் அந்த இடத்தில் தானாகவே சத்தம் குறைந்தது. யாரும் அதட்டவில்லை.

பாடப்புத்தகத்தில் "காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்" என்று ஒரே வரியில் இருக்கும். பரீட்சைக்கு ஒரு மார்க். அந்தத் துணியைப் பார்த்தவுடன்தான், அவர் ஒல்லியான ஒரு வயசான மனுஷர், உடம்பில் போர்த்தியிருந்தது ஒரு துணி, அதைத் துளைத்துக்கொண்டு குண்டு போனது என்று எனக்கு உறைத்தது. மியூசியம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது இடம் எங்கள் சுற்றுலாப் பட்டியலிலேயே இல்லை. டீச்சர் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினார். மேல மாசி வீதியில் ஒரு மாடி வீடு. கீழே கதர்க்கடை. பார்த்தால் கடைவீதியில் இருக்கும் இன்னொரு கடை, அவ்வளவுதான். 1921 செப்டம்பர் மாதம் மதுரைக்கு வந்த காந்தி இந்த வீட்டு மாடியில்தான் தங்கினார். அந்நியத் துணியை விட்டுக் கதர் கட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்த நேரம். சென்னையிலிருந்து ரயிலில் வரும்போது கூட வந்த ஜனங்களிடம் ஏன் கதர் கட்டவில்லை என்று கேட்டிருக்கிறார். கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். தான் மட்டும் தொப்பியும் சட்டையும் முழு வேட்டியுமாக இருக்கிறோமே என்று அது அவர் மனசை அறுத்துவிட்டது. செப்டம்பர் 22ஆம் தேதி காலையில் முழங்கால் வரை ஒரு முண்டு மட்டும் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அதே உடைதான். லண்டனில் ராஜாவைப் பார்க்கப் போனபோதும் அதேதான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரு வீட்டில் அவர் உடையைக் குறைத்துக்கொண்டார். இன்னொரு கட்டடத்தில் அவருடைய கடைசி உடை இருக்கிறது. நடுவில் 26 வருஷம். அரண்மனை மியூசியத்துக்குப் போர்டு, தோட்டம், பஸ் நிறுத்த இடம் எல்லாம் இருக்கிறது. விஷயம் நடந்த வீட்டைத் தாண்டித்தான் தினமும் ஆயிரம் பேர் கத்தரிக்காய்ப் பையோடு போகிறார்கள். எனக்கு என்னவோ இந்த மூன்றாவது வகை வீடுதான் பிடித்தது. வீடும் அங்கேயே, நடந்த விஷயமும் அங்கேயே.

கடைசியாக, ஊருக்குத் திரும்பும் வழியில் கீழடி அருங்காட்சியகம். இதை 2023 மார்ச் மாதம் திறந்தார்கள். பார்த்தவுடன் எல்லோரும், "செட்டியார் வீடு மாதிரி எவ்வளவு பழசு!" என்றார்கள். ஏமாந்துவிடாதீர்கள், அது செட்டிநாட்டு வீடு மாதிரி புதுசாகக் கட்டினது. மகாலில் வீடு பழசு, உள்ளே ஒன்றுமில்லை. இங்கே வீடு புதுசு, உள்ளே இருப்பது 2,600 வருஷம் வரை பழசு! அதுவும் தூரத்திலிருந்து வரவில்லை. பக்கத்துத் தென்னந்தோப்பில் 2015இல் தோண்ட ஆரம்பித்துக் கிடைத்தவை.

என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? நூல் நூற்கும் தக்களியில் மாட்டுகிற மண் வில்லை. காலையில் ராட்டையைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அது உடனே புரிந்தது. தாயக்கட்டை. பிறகு வட்ட வட்டமாக உடைத்துத் தேய்த்த பானை ஓடு. நான் அதைப் பார்த்ததும், "ஏய், இது நம்ம பாண்டிச் சில்லுடி!" என்று கத்தினேன். எழுதி வைத்திருந்ததும் அப்படித்தான், விளையாட்டுச் சில்லு! 2,000 வருஷத்துக்கு முந்தி ஒரு பிள்ளை ஓட்டை உடைத்து, ஓரத்தைக் கல்லில் தேய்த்து, நொண்டி அடித்திருக்கிறாள். நாமும் இன்டர்வெல்லில் அதைத்தான் செய்கிறோம்.

பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்களுடைய பெயரும் கீறி வைத்திருக்கிறார்கள். "ஆதன்" என்று ஒரு பெயர். ராஜா பெயர் என்று சொல்லவில்லை. பானை மாறிப் போகக் கூடாது என்று எழுதியிருப்பாரோ என்னவோ. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அந்த மாதிரி. ஆக, பெயர் கீறுவது நமக்கு இரண்டாயிரம் வருஷப் பழக்கம்தான் போல! ஆனால் ஆதன் கீறியது பானையில். மகாலில் கீறியவர்கள் ஊரான் வீட்டுத் தூணில் கீறியிருக்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நாங்கள் ஒரே நாளில் ஏழு இடம் பார்த்தோம். ஒரு இடத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை. விசில் அடித்ததும் ஓடணும். காந்தி மியூசியத்தில் விடுதலைப் போராட்டப் படங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன, ஒன்றின் கீழ் எழுதியிருப்பதைப் படித்து முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. எட்டாம் வகுப்பைக் கூட்டிப்போகும்போது இடத்தைப் பாதியாகக் குறைத்து நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள். குறைப்பதில் மேல மாசி வீதி வீட்டை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே மாடி ஏறிப் பார்க்கணும். பிள்ளைகள் கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். போட்டோவில் தூண் வரும், அதில் உள்ள கீறலும் வழுவழுப்பும் வராது.

சுற்றுலாவுக்கு வர முடியாதவர்களுக்குக் காசு இல்லாமல் பார்க்க ஒரு இடம் சொல்கிறேன். விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்து என்று இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மாவோடு நாம் போகிற இடம்தான். ஏன் அந்தப் பெயர் என்று யாரும் யோசிப்பதில்லை. அரண்மனை முழுசாக இருந்த காலத்துத் தூண்களில் பத்து இன்னும் அந்தச் சந்திலேயே நிற்கின்றன, மேலே தாங்குவதற்குக் கூரை இல்லாமல். அரண்மனை அவ்வளவு தூரம் நீண்டிருந்தது. பக்கத்தில் நவபத்கானா தெரு, அது அரண்மனையில் மேளதாளம் முழங்கிய இடத்தின் பெயர். கீழே நைட்டியும் பாவாடையும் தொங்குவதால் தூண் கண்ணில் படாது. அம்மா பேரம் பேசி முடிக்க எப்படியும் பத்து நிமிஷம் ஆகும், அதற்குள் தலையைத் தூக்கி மேலே பாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி