உங்களுக்குத் தெரியுமா? ஏற ஏற ஏணிக்கு ஆபத்து

ஆரணிப் பட்டுச் சேலையில் பூவும் புட்டாவும் விழச் செய்யும் ஜக்கார்டு பெட்டி, தறிக்கு மேலே, நெசவாளரின் தலைக்கும் மேலே இருக்கும். அதில் அட்டை மாற்றவோ, அறுந்த கயிற்றை முடியவோ உயரத்துக்கு ஏறித்தான் ஆக வேண்டும். பல வீடுகளில் அதற்குச் சாய்ப்பு ஏணிதான்.

முதல் படியில் ஆடாத ஏணி, உச்சியில் சறுக்குவது ஏன்? ஆள் மேலே போகப் போக, அடிக்காலை வெளியே தள்ளும் விசையும் கூடுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் உச்சியில் நிற்கும்போது, ஏணி 60 டிகிரியில் சாய்ந்திருந்தால் அந்தத் தள்ளு சுமார் 35 கிலோ எடைக்குச் சமம். 75 டிகிரி என்றால் 16 கிலோதான்!

சுமார் 75 டிகிரி சாய்வுக்குக் கணக்கு எளிது: 12 அடி உயரத்தில் சாய்த்தால், அடிக்கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அளக்க டேப் இல்லையா? ஏணிக் காலைக் கால்விரல் தொட நிமிர்ந்து நின்று, கைகளைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியில் பதிந்தால் சாய்வு சரி. இதைவிடச் செங்குத்தாக வைத்தால் ஏணி ஆளோடு பின்னால் கவிழக்கூடும்.

வழுக்காமலிருக்க அடியில் கோணிப்பை போடுகிறார்களே, அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வழவழப்பான சிமென்ட் தரையில் கோணியும் சேர்ந்தே சறுக்கும். ஏணிக்கால்களில் பழைய டயர் ரப்பரை அறைந்து, உச்சியை அசையாத உத்தரத்தோடு கயிற்றால் கட்டுங்கள். கட்டி முடிக்கும்வரை கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும்.