ஹாண்டில்பார் உதறினால் அபாயம்!

மோட்டார் சைக்கிள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ரோடு நேர் ரோடு. எதிரே வண்டி எதுவும் இல்லை. திடீரென்று ஹாண்டில்பார் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கிறது! ஒரு விநாடிக்கு ஆறு முதல் பத்துத் தடவை. இறுக்கிப் பிடித்தாலும் நிற்பதில்லை. ஓட்டுகிறவர் பயந்து முன் பிரேக்கை அழுத்துகிறார். அவ்வளவுதான்! வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"விதி" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இதில் விதிக்கு வேலை குறைவு. பெரும்பாலும் அந்த வண்டியில் யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள். அல்லது மாற்ற வேண்டியதை மாற்றாமல் விட்டிருப்பார்கள்.

எல்லைப்புறச் சாலைகள்

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது பள்ளிப்பட்டு. 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பகுதி அது. இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊர். ஒரு பக்கம் நகரி, இன்னொரு பக்கம் சோளிங்கர், நடுவில் தறிச் சத்தம் ஓயாத பொதட்டூர்பேட்டை. எங்கே போவதானாலும் இரு சக்கர வண்டிதான் பலருக்குக் கால்.

அந்த வண்டிகள் சுமக்கும் சுமை கொஞ்சமல்ல. பின் சீட்டில் துணி மூட்டை கட்டுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் குடும்பமே ஒரே வண்டியில் கிளம்பும். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தால் தரைப்பாலங்கள் மூழ்கும். தண்ணீர் வடிந்த பிறகு பாலத்தின் ஓரமெல்லாம் குழியும் மேடும்தான். உதறல் பிறப்பதற்கு இவ்வளவு போதும்: பின்னால் கனம், முன்னால் ஒரு குழி, நடுவில் தளர்ந்துபோன ஹாண்டில்.

சக்கரம் தானே நேராவது ஏன்?

ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அதன் சிறு சக்கரம் தானே திரும்பிப் பின்னால் வந்துவிடும். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் இருப்பதே காரணம்.

மோட்டார் சைக்கிளிலும் இதே சூட்சுமம்தான். முன் போர்க் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கிறது. ஹாண்டில் திரும்பும் அச்சை ஒரு கோடாக நீட்டித் தரைவரை கொண்டுபோனால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே போய் விழும். இந்த இடைவெளிக்கு 'ட்ரெய்ல்' என்று பெயர். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இது 8 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். நாலு விரல்கடை அகலம்தான்! அதில்தான் ஓட்டுகிறவர் உயிர் இருக்கிறது.

அதே ஆஸ்பத்திரி வண்டியை வேகமாகத் தள்ளினால் சிறு சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்வதும் உண்டு. நேராக்கும் அதே சக்தி, அளவு மீறித் தள்ளி, மறுபடி திருப்பி, மறுபடி தள்ளி ஆட்டமாக மாறிவிடுகிறது. மோட்டார் சைக்கிளின் உதறலும் இந்த ஜாதிதான்.

ஓட்ட முடியாத சைக்கிள்

டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ரசாயன விஞ்ஞானி ஒரு வேடிக்கையான முயற்சி செய்தார். யாராலும் ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துவிடுவது என்று கிளம்பினார்! சுழலும் சக்கரத்தின் பம்பர விசைதான் சைக்கிளை நிறுத்துகிறது என்ற பழைய நம்பிக்கையைச் சோதிக்க, எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டிப் பார்த்தார். அப்போதும் ஓட்ட முடிந்தது. ஆனால் ட்ரெய்ல் அளவைத் தலைகீழாக மாற்றியபோது சைக்கிள் படாத பாடு படுத்தியது. 1970-ல் இந்த முடிவுகளை வெளியிட்டார். பிறகு 2011-ல் ஹாலந்து, அமெரிக்க விஞ்ஞானிகள் பம்பர விசையும் ட்ரெய்லும் இல்லாமலே தானாக நிற்கும் ஒரு விசேஷ சைக்கிளைச் செய்து காட்டினார்கள். ஆகவே ட்ரெய்ல் ஒன்றே எல்லாம் என்று சொல்ல முடியாது. கனம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்.

1971-ல் ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் மோட்டார் சைக்கிளின் ஆட்டங்களைக் கணக்குப் போட்டு மூன்றாகப் பிரித்தார். ஒன்று, அப்படியே சாய்ந்து விழுவது. இரண்டாவது, வண்டி முழுவதும் பாம்புபோல் நெளிவது. மூன்றாவது, ஹாண்டில் மட்டும் உதறுவது. நெளிவது விநாடிக்கு இரண்டு முதல் நான்கு தடவை. உதறல் அதைவிட வேகம்.

அளவை மாற்றினால்?

கம்பெனி எஞ்சினீயர்கள் இந்த அளவுகளை விளையாட்டாக வைப்பதில்லை. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1955 முதல் 1969 வரை செய்த சில வண்டிகளில், முன் போர்க்கை மாட்ட இரண்டு இடங்கள் வைத்திருந்தது. தனி வண்டியாக ஓட்ட ஓர் இடம், பக்கத்தில் சைட்கார் பூட்டினால் இன்னோர் இடம். சைட்காருக்கு ட்ரெய்ல் குறைய வேண்டும். இல்லாவிட்டால் திருப்பக் கை வலிக்கும். சில சென்டிமீட்டருக்காக ஒரு கம்பெனி இவ்வளவு சிரமப்பட்டது!

நம் ஊரில் நடப்பது வேறு. திருவொற்றியூரில் 1955-ல் என்பீல்டு இந்தியா ஆரம்பித்த நாள் முதல் தமிழ்நாட்டுக்குச் செல்லப்பிள்ளையாகிவிட்ட புல்லட் முதல், நேற்று வந்த வண்டி வரை, வாங்கி ஒரு மாதத்தில் 'ஆல்டரேஷன்' ஆரம்பித்துவிடுகிறது. அழகுக்கு முன் சக்கரத்தைச் சின்னதாக்குகிறார்கள். பின் ஷாக் அப்சர்பரை உயர்த்துகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். முன் சக்கரத்தின் மையத்திலிருந்து தரைவரை 30 சென்டிமீட்டர், போர்க்கின் சாய்வு 27 டிகிரி உள்ள ஒரு வண்டியில் ட்ரெய்ல் சுமார் 97 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சக்கரத்தைக் கழற்றி, மைய உயரம் 3 சென்டிமீட்டர் குறைந்த சக்கரத்தை மாட்டினால், முன்பக்கம் தாழ்ந்து சாய்வும் ஒரு டிகிரிக்கு மேல் குறையும். ட்ரெய்ல் சுமார் 75 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். கால்வாசி போயிற்று! கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. குழியில் இறங்கும்போதுதான் கை உணரும்.

சினிமா வண்டிபோல் போர்க்கை நீட்டுவதும் நல்லதல்ல. ஹாண்டில் கனத்து, மெதுவாகப் போகும்போது தானே ஒரு பக்கம் சாயும். பின்னால் மூட்டை ஏற்றுவது இன்னொரு வகை. பின்பக்கம் அழுந்தி முன்பக்கம் மேலெழும். முன் டயருக்குத் தரையில் பிடி குறையும். கனத்தை எவ்வளவு தாழ்வாகவும் முன்னுக்கும் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது.

உதற ஆரம்பித்துவிட்டால்...

பிரேக்கை அழுத்தக்கூடாது. ஆக்ஸிலேட்டரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முழங்கால்களால் டாங்கை அணைத்துக்கொண்டு, உடம்பைச் சற்று முன்னே சாய்த்தால் முன் சக்கரத்துக்குக் கனம் கிடைக்கும். கைகள் பிடித்திருக்க வேண்டும். ஆனால் ஹாண்டிலோடு மல்லுக்கு நிற்கக்கூடாது. சொல்வது சுலபம், அந்த நேரத்தில் செய்வது கஷ்டம் என்பது உண்மையே.

சட்டமும் சும்மா இல்லை. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் உண்டு.

ஆனால் ஒன்றையும் மாற்றாத வண்டியும் உதறுவது உண்டு. தேய்ந்த முன் டயர், குறைந்த காற்று, குழியில் அடிபட்டு வளைந்த ரிம், எல்லாவற்றுக்கும் மேலாக 'கோன் செட்' என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஹாண்டில் பேரிங் தளர்ந்திருப்பது ஆகியவையே காரணம். இதைப் பார்க்கப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையில் படாதபடி ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கட்டும். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் கோன் செட்டை இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் வண்டி நேராகப் போகாமல் நெளியும். பிறகு ஹாண்டிலை இடமும் வலமும் மெல்லத் திருப்ப வேண்டும். நடுவில் எங்காவது சிக்கி நின்றால் உள்ளே குண்டுகள் பள்ளம் போட்டுவிட்டன என்று அர்த்தம். அப்போது இறுக்கிப் பிரயோஜனமில்லை. புதிய கோன் செட்தான் போட வேண்டும்.