'அவங்க ஸ்ட்ராங்... தாங்கிப்பாங்க!' - அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்குப் பாராட்டே பாரமானது எப்படி?

2021 ஜூலை 27. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிப் பிரிவு இறுதிப் போட்டி. வால்ட்டில் ஒரே ஒரு முறை தாவிய சிமோன் பைல்ஸ், அதோடு அந்தப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். காலில் அடி இல்லை, கையில் கட்டு இல்லை. மனநலம்தான் காரணம் என்று வெளிப்படையாகவே சொன்னார். காற்றில் சுழலும்போது உடம்பு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே பிடிபடாமல் போகும் நிலைக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வட்டாரத்தில் 'ட்விஸ்டீஸ்' என்று பெயர். அந்த நிலையில் தாவினால் கழுத்தே முறியலாம்.

பலர் ஆதரித்தார்கள். 'பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க' என்று ஏசியவர்களும் இருந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதே பைல்ஸ் அமெரிக்க செனட் குழு முன்பு உட்கார்ந்து, அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசரின் பாலியல் கொடுமை பற்றிக் கண்ணீரோடு சாட்சி சொன்னார். பாரிஸில் 2024-ல் மூன்று தங்கத்தோடு அவர் திரும்பி வந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2021-ல் எழுந்த அந்த ஏச்சுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. கறுப்பினப் பெண் என்றால் எதையும் தாங்குவாள், தாங்கித்தான் ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பின் கதை.

அது என்ன 'ஸ்ட்ராங் பிளாக் வுமன்'?

அமெரிக்காவில் இது ஒரு பாராட்டு. பாட்டி, அம்மா, அத்தை என்று ஒரு குடும்பத்தைத் தனி ஆளாகக் கரையேற்றிய பெண்களைச் சொல்லும் சொல். சர்ச்சில் சொல்வார்கள், ஆபீஸில் சொல்வார்கள், இரங்கல் கூட்டத்திலும் சொல்வார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறை ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே, இந்தப் பெருமைக்குள் என்ன இருக்கிறது என்று கறுப்பினப் பெண்களைக் குழுக்களாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தார். 2010-ல் வெளியான அந்த ஆய்வில் அவர் இதை 'சூப்பர்வுமன்' மனச்சட்டகம் என்றார். அதில் ஐந்து இழைகள். எப்போதும் வலிமையாகவே காட்டிக்கொள்ளணும். அழுகையோ ஆத்திரமோ வெளியே தெரியக் கூடாது. யாரையும் சார்ந்து நிற்கக் கூடாது. கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜெயித்தே ஆகணும். தன்னைக் கவனிப்பதற்கு முன் மற்றவர்களைக் கவனிக்கணும்.

இதனால் நன்மையும் உண்டு என்றே அந்தப் பெண்கள் சொன்னார்கள். குடும்பம் நின்றது, சமூகம் நின்றது, தாங்களும் பிழைத்தோம் என்றார்கள். கூடவே தலைவலி, முடி உதிர்வு, திடீர்ப் பதற்றம், ராத்திரியில் அளவில்லாமல் சாப்பிடுவது, நெருங்கிய உறவுகளில் விரிசல் என்று இன்னொரு பட்டியலும் வந்தது.

எங்கிருந்து வந்தது இந்தச் சுமை?

1662-ல் வர்ஜீனியா காலனி ஒரு சட்டம் போட்டது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அப்பா யார் என்பது கணக்கில்லை. இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். அடிமைப் பெண்ணைப் பலாத்காரம் செய்த எஜமானனுக்குத் தண்டனை இல்லை என்பது மட்டுமல்ல, பிறக்கும் குழந்தை அவனுக்கே சொத்தாகச் சேர்ந்தது. குற்றத்துக்கு லாபம் கொடுத்த சட்டம்!

அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரமும் கிடையாது. கணவனை ஒரு மாகாணத்துக்கும் மனைவியை இன்னொரு மாகாணத்துக்கும் விற்கலாம். அதனால் கல்யாணம் நடத்திவைத்த சில பாதிரியார்கள், சாவு பிரிக்கும் வரை என்ற உறுதிமொழியோடு 'தூரம்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டார்கள். 1865-ல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, விற்கப்பட்ட மனைவியையும் பிள்ளையையும் தேடிக் கறுப்பினப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்கள் பல பத்தாண்டுகளுக்கு நிற்கவில்லை. 'கறுப்பினக் குடும்பங்களில் ஒட்டுதல் குறைவு' என்று யாராவது சொன்னால், அந்த விளம்பரங்களைக் காட்டினால் போதும்.

வலி விஷயத்துக்கு வருவோம். 1845 முதல் 1849 வரை அலபாமாவின் மான்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசலால் சிறுநீர் கசிந்துகொண்டே இருந்த அடிமைப் பெண்களிடம் அறுவை சிகிச்சையைப் பரிசோதித்தார். மயக்க மருந்து கொடுக்கவில்லை. மூவரின் பெயர் மட்டும் பதிவில் இருக்கிறது: அனார்க்கா, பெட்ஸி, லூசி. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 முறை. சிம்ஸ் 'நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை' ஆனார். நியூயார்க் சென்ட்ரல் பார்க் ஓரத்தில் நின்ற அவர் சிலையை 2018-ல்தான் அகற்றினார்கள்.

தாங்கியவர்கள் மீதே பழி விழுந்த கூத்தும் நடந்தது. 1965-ல் அமெரிக்கத் தொழிலாளர் துறை அதிகாரி டேனியல் பேட்ரிக் மொய்னிஹன் எழுதிய அரசு அறிக்கை, கறுப்பினச் சமூகத்தின் சிக்கல்களுக்குப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்ப அமைப்பை முக்கியக் காரணமாகச் சுட்டியது. அடிமைமுறையையும் வேலையின்மையையும் அது பேசாமல் இல்லை. ஆனால் ஊர் வாயில் மிஞ்சியது என்னவோ 'பெண்கள் ஓவர் ஸ்ட்ராங், அதான் ஆண்கள் இப்படி' என்பதுதான். இந்தப் பிம்பம் ஒரு கட்டுக்கதை என்று 1978-ல் மிஷெல் வாலஸ் புத்தகமே எழுதினார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. சொந்தச் சமூகத்துக்குள்ளேயே கடும் எதிர்ப்பு கிளம்பியது.

உறவுக்குள் என்ன ஆகிறது?

வரலாற்றாசிரியர் டார்லின் கிளார்க் ஹைன் 1989-ல் எழுதிய கட்டுரை ஒன்று இங்கே உதவும். பலாத்காரமும் அதைப் பற்றிய பயமும் எப்போதும் கூடவே இருந்ததால், கறுப்பினப் பெண்கள் வெளியே கலகலப்பாக, ஒளிவுமறைவில்லாதவர்கள் போலப் பழகிக்கொண்டே, உள்ளே நடப்பதை யாருக்கும் காட்டாமல் மூடிவைக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டார்கள் என்கிறார் அவர். தற்காப்புதான். ஆனால் ஆசை, உடல், விருப்பமின்மை இவையெல்லாம் வீட்டுக்குள்ளும் பேசாப்பொருளாகிவிட்டன.

எதிரியிடமிருந்து தப்பிக்கப் போட்ட கதவு, கணவனுக்கும் காதலிக்கும் தோழிக்கும் சேர்த்தே சாத்திக்கிடக்கிறது. 'எனக்கு இது வேணும், இது வேணாம், இன்னைக்கு முடியல' என்று சொல்வதே ஒரு உறவில் பெரிய வேலை. எதையும் தாங்குபவள் என்று பெயர் வாங்கிவிட்டால், அந்த மூன்றையும் சொல்ல வாய் வராது. சொன்னாலும் 'உனக்கா முடியல?' என்ற ஆச்சரியம்தான் முதல் பதில். பாராட்டுதானே, இதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். அவள் கேட்பதற்கு முன்பே 'அவளுக்கு வேண்டாம்' என்று பாராட்டு பதில் சொல்லிவிடுகிறது.

இது ரொம்பச் சின்ன வயதிலேயே ஆரம்பிக்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி மையம் 2017-ல் 325 பேரிடம் நடத்திய ஆய்வில், அதே வயது வெள்ளையினச் சிறுமிகளைவிடக் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பாதுகாப்பும் அரவணைப்பும் குறைவாகவே தேவை என்றும், பாலுறவு பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியும் என்றும் பெரியவர்கள் நினைப்பது தெரியவந்தது. இந்த எண்ணம் 5 வயதிலிருந்தே தொடங்குகிறது. ஐந்து வயசு!

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. 2017-ல் செரீனா வில்லியம்ஸுக்கு சிசேரியன் மூலம் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சுத் திணறல். ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர் என்பதால் அவருக்கே விஷயம் புரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுங்கள் என்று கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் காலில்தான் ஸ்கேன் செய்தார்கள். அவர் விடாமல் வற்புறுத்திய பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு இதை அவரே ஒரு பேட்டியில் விவரித்தார். உலகப் புகழும் பணமும் உள்ளவருக்கே இந்த நிலை.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யான நம்பிக்கைகளில் ஒன்றையாவது சரி என்றார்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2023 கணக்குப்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார்களின் இறப்பு 50.3; வெள்ளையினத் தாய்மார்களின் இறப்பு 14.5. இதற்குக் காரணங்கள் பல. வலியைச் சொன்னால் காது கொடுக்காததும் அதில் ஒன்று.

அப்படின்னா ஸ்ட்ராங்கா இருக்கறதே தப்பா?

இங்கேதான் ஒரு திருப்பம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 208 கறுப்பினப் பெண்களை வைத்து, பெர்க்லியைச் சேர்ந்த அமானி ஆலன் குழு நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. இனப் பாகுபாடு உடம்பில் ஏற்படுத்தும் தேய்மானத்தை அளந்தார்கள். வலிமையாகக் காட்டிக்கொள்வதும் உணர்ச்சியை அடக்குவதும் ஓரளவு கவசமாக வேலை செய்ததாம். கெடுதல் செய்தவை வேறு இரண்டு: ஜெயித்தே தீரணும் என்ற வெறியும், எல்லோருக்கும் நானே உதவணும் என்ற கட்டாயமும்.

பாகுபாடு பார்க்கும் மேனேஜர் முன்னால் அழாமல் இருப்பது புத்திசாலித்தனம்தான். வேலை தப்பிக்கும். 'அழுதுடுங்க, மனசு லேசாகும்' என்று பொத்தாம் பொதுவாக அட்வைஸ் பண்ணுபவர்கள் இதைப் படிக்க வேண்டும். அம்மா வீட்டு மருத்துவச் செலவு, தம்பி படிப்பு, சர்ச் கமிட்டி, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவரைப் பழக்கும் வேலை என்று எல்லாம் ஒரே தோளுக்கு வருவதுதான் உடம்பைத் தின்கிறது.

இப்போ என்ன மாறியிருக்கு?

அட்லாண்டாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட், 2014-ல் 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' என்ற தளத்தைத் தொடங்கினார். காதல், நட்பு, முறிவு, செக்ஸ், துக்கம் எல்லாவற்றையும் பேசும் பாட்காஸ்ட் ஒரு பக்கம், ஊர்வாரியாக சிகிச்சையாளர்களின் பட்டியல் இன்னொரு பக்கம். பட்டியல் ஏன் தேவை? அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் 5 சதவீதம் அளவுக்குத்தான். பிரச்சினையைச் சொல்வதற்கு முன் இனப் பாகுபாடு என்றால் என்ன என்று சிகிச்சையாளருக்கே பாடம் எடுக்க வேண்டிய நிலை பலருக்கு. அதற்கும் சேர்த்தே ஃபீஸ் கட்டணும்!

ஃபீஸ்தான் அடுத்த தடை. இன்ஷூரன்ஸை ஏற்காத சிகிச்சையாளர்கள் நிறைய. நடிகை தராஜி பி. ஹென்சன், வியட்நாம் போருக்குப் போய்வந்து மனநலச் சிக்கலோடு போராடிய தன் அப்பாவின் பெயரில் 2018-ல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். 2020-ல் கொரோனா வந்தது. நர்ஸ், பஸ் டிரைவர், சூப்பர் மார்க்கெட் கேஷியர் என்று வீட்டில் இருக்க முடியாத வேலைகளில் கறுப்பினத்தவர் நிறையப் பேர் இருந்தார்கள், சாவு எண்ணிக்கையும் ஏறியது. அந்த நேரத்தில் அறக்கட்டளை ஒரு ஏற்பாடு செய்தது. பதிவு செய்தவர்களுக்கு ஆன்லைனில் ஐந்து அமர்வுகள் வரை இலவச தெரபி.