நாயின் பித்தப்பையும் ரண சிகிச்சையும்

சென்ற ஐப்பசியில் கணக்குத் தணிக்கைக்காக இராசிபுரம் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் வீட்டில், தறிக்கு அருகிலேயே படுத்துறங்கும் பத்து வயதுப் பொமரேனியன் நாய் ஒன்று இருந்தது. ஐந்து நாட்களாக அது ஆகாரத்தைத் தொடவில்லை, வாந்தி எடுத்தது, கண்ணின் வெண்மை மஞ்சளாகிவிட்டது. காமாலைதானே என்று வீட்டார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து புகட்டி வந்தனர். ஆறாம் நாள் வைத்தியரிடம் கொண்டு சென்றபோது பித்தப்பை வெடித்திருந்தது. ரண சிகிச்சை செய்து பையை அகற்றியும் நாய் பிழைக்கவில்லை. "பித்தப்பையை எடுத்ததனால்தானே செத்தது? அது இல்லாமல் ஒரு ஜீவன் எப்படி வாழும்?" என்று அவர் நம்மிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறவே இதனை எழுதுகிறோம்.

பித்தநீரை உண்டாக்குவது கல்லீரல், பித்தப்பை அன்று. கல்லீரலில் ஊறும் நீரைச் சேர்த்து வைத்து, கெட்டியாக்கி, உணவு வந்ததும் குழாய் வழியே குடலுக்கு அனுப்புவதே பையின் வேலை. கொழுப்பு ஜீரணமாவதற்கு அந்நீர் உதவுகிறது. கல்லீரலைத் தறி என்றால், பித்தப்பை நம் சங்கத்தின் கிடங்கு. கிடங்கை மூடிவிட்டாலும் நெசவு நிற்பதில்லை. நெய்த சேலை நேரே கடைக்குப் போகும். அதுபோலவே, பை அகற்றப்பட்ட பின் பித்தநீர் சிறிது சிறிதாக நேரே குடலில் வந்து விழுகிறது. இப்பை இன்றியும் நாய் உயிர் வாழும் என்பது பதினேழாம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் கண்டறியப்பட்டது. மனிதருக்கு இச்சிகிச்சையை முதன்முதல் செய்தவர் பெர்லின் நகரத்து லாங்கன்புக் என்னும் வைத்தியர், ஆண்டு 1882.

அப்படியாயின் அபாயம் எங்கே இருக்கிறது? வயது முதிர்ந்த சில நாய்களில் பித்தநீர் குழம்பாகி, சளி போன்ற வழவழப்பான பொருளால் பை நிறைந்துவிடுகிறது. பின்பு குழாய் அடைபடும். பையின் சுவர் அழுகி வெடிக்கவும் கூடும். வெடித்தால் பித்தநீர் வயிற்றுக்குள் பரவி, உயிருக்கே ஆபத்தாகும். பொமரேனியன், காக்கர் ஸ்பானியல் போன்ற இனங்களிலும், இரத்தத்தில் கொழுப்பு மிகுந்த நாய்களிலும், தைராய்டு சுரப்பு குறைந்தவற்றிலும் இந்நோய் அதிகம் காணப்படுகிறது.

ஆகவே, முடிவைப் பெரிதும் நிர்ணயிப்பது காலமே. 2018 இல் வெளியான ஓர் ஆய்வில் 70 நாய்களின் கதை ஆராயப்பட்டது. நோய் முற்றுமுன் திட்டமிட்டுப் பையை அகற்றியவற்றுள் 100க்கு 2 வீதமே இறந்தன. உபாதை முற்றிய பின் செய்யப்பட்டவற்றுள் 100க்கு 20 வீதம் இறந்தன. மேற்சொன்ன அங்கத்தினரின் நாய்க்கு எமனாக வந்தது ரண சிகிச்சையன்று; இழந்துவிட்ட ஐந்து நாட்களே.

ஆனால் மஞ்சள் கண்டதெல்லாம் பித்தப்பை நோயன்று. உண்ணிகளால் வரும் காய்ச்சலிலும், எலிக்காய்ச்சலிலும் நாய்க்குக் காமாலை காணும். எலிக்காய்ச்சல் நாயின் மூத்திரத்தின் வழியே மனிதருக்கும் தொற்றக்கூடியது. எனவே காமாலை கண்ட நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்கலாகாது. இன்ன நோய் என்பதை இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் கொண்டு வைத்தியரே தெளிய முடியும். நம் பகுதியினர் முதலில் உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தை நாடலாம். மேற்பரிசோதனை வேண்டுமெனில், 1985 இல் தொடங்கப்பெற்ற நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

ரண சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாயைப் பேணும் முறை வருமாறு. வைத்தியர் குறித்த மருந்துகளை, நாய் தேறியதுபோலத் தோன்றினாலும், இடையில் நிறுத்தலாகாது. மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுத்தல் கூடவே கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகலாம். தையலை நக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை அணிவிக்க வேண்டும். சுமார் இரண்டு வாரம் ஓட்டமும், திண்ணை ஏறிக் குதித்தலும் ஆகா. தோல் நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியும் சோறும் போன்ற கொழுப்புக் குறைந்த ஆகாரத்தை, வைத்தியரைக் கேட்டுக்கொண்டு, ஒரே வேளையில் இடாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து இடுக. ஆட்டுக் கொழுப்பும் விருந்து நாளின் எண்ணெய்ப் பண்டங்களும் வேண்டா. மீண்டும் வாந்தி, வயிற்று உப்பல், மஞ்சள், உணவு மறுத்தல் இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றைக்கே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

"நாய்க்கு இத்தனை செலவா?" என்பாரும் உண்டு. செலவு செய்வதும் செய்யாததும் அவரவர் சக்தியையும் மனத்தையும் பொறுத்தது. ஆனால் இரவெல்லாம் மரவள்ளிக் காட்டையும் ஆட்டுப்பட்டியையும் காத்த ஜீவன் ஒரு நாள் சோற்றை மறுத்தால், மறுநாள் அதன் கண்ணையும் ஈறையும் வெளிச்சத்தில் பார்ப்பதற்குக் காசு வேண்டியதில்லை. மஞ்சள் தெரிந்தால் அன்றே புறப்படுக. அங்கத்தினர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.