திரையில் அரக்கு, ஆல்பத்தில் கறுப்பு

முகூர்த்தப் புடவை அரக்கு நிறம். ஸ்டுடியோவின் கணினித் திரையில் மடிப்பும் ஜரிகையும் தனித்தனியே தெரிந்தன. அச்சாகி வந்த ஆல்பத்திலோ புடவை கிட்டத்தட்டக் கறுப்பு. பெண் வீட்டார் போட்டோகிராஃபரைக் கேட்பார்கள்; அவர் பிரிண்ட் போட்ட லேபைக் கேட்பார். பெரும்பாலும் கோளாறு இருப்பது அவர் எதிரே உட்கார்ந்து வேலை செய்த மானிட்டரில்தான்.

கடையில் வரிசையாக வைத்திருக்கும் திரைகளில் பளிச்சென்று தெரிவதைத்தான் வாங்குபவர் கை காட்டுவார். அதனால் பல மானிட்டர்கள் வெளிச்சம் தூக்கலாகவும், வெள்ளையில் லேசாக நீலம் ஓடும்படியும் அமைக்கப்பட்டே வருகின்றன. சாதாரண மானிட்டரே சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டெலா வரை ஒளி தரும். அச்சுக்குப் போகும் படத்தைத் திருத்த 80 முதல் 120 வரை போதும். மூன்று மடங்கு வெளிச்சத்தில் எந்தப் படமும் தேவைக்கு மேல் பிரகாசமாகத் தோன்றும். திருத்துபவர் அதைக் குறைத்துவிடுவார். காகிதத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. குறைத்த அளவு அப்படியே இருட்டாகப் பதிகிறது.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாதா? முடியாது. குண்டு பல்பின் மஞ்சள் ஒளியிலும் உச்சி வெயிலிலும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. சூழ்நிலைக்கு ஏற்ப மூளை தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்கிறது. நீலம் பாய்ந்த திரையும் சிறிது நேரத்தில் சரியான வெள்ளையாகத் தோன்றிவிடும். பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் இதுதான் நிலை.

ஆகவே அளக்க ஒரு கருவி வேண்டும். அதன் பெயர் கலரிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவியைத் திரைமேல் தொங்கவிட்டால், மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம், பலவிதச் சாம்பல் என்று கட்டம் கட்டமாக நிறங்களைக் காட்டும். கருவி ஒவ்வொன்றையும் அளக்கும். வெள்ளைக்கு இலக்கு பொதுவாக 6500 கெல்வின், காமா 2.2. ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி தரமும் கிட்டத்தட்ட இந்த அளவுகளையே கொண்டது. முடிவில் ‘ஐசிசி புரொஃபைல்’ என்ற கோப்பு உருவாகும். இந்தத் திரை எந்த நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்பதை போட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் அதிலிருந்து தெரிந்துகொள்கின்றன. இப்படி அளப்பதற்கான டிஸ்பிளேகால் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கருவியை வாங்கியவர்கள்கூடக் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. காலையில் மானிட்டரைப் போட்டவுடனே அளந்துவிடுகிறார்கள். திரையின் பின்னால் இருக்கும் விளக்கு சூடேறச் சூடேற மாறிக்கொண்டே இருக்கும். பழைய மானிட்டர்களின் குழல் விளக்கில், சூட்டோடு பாதரச ஆவியின் அழுத்தம் உயர்ந்து வெளிச்சம் ஏறிக்கொண்டே போகும். இப்போதைய எல்இடி நேர்மாறானது. சூடாகும்போது அதன் ஒளி லேசாகக் குறையும். சாயலும் சற்று நகரும். முன்னால் இருக்கும் திரவப் படிகமும் வெப்பத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும். ஆறிய நிலையில் எடுத்த அளவு, அந்த முதல் சில நிமிடங்களுக்கு மட்டுமே உண்மை. நாள் முழுக்க நடக்கும் வேலைக்கு அது உதவாது. குறைந்தது அரை மணி நேரம், பழைய குழல் விளக்குத் திரை என்றால் ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே கருவியை வைக்க வேண்டும். அதுவரை திரை தூங்கிவிடாதபடி ஸ்லீப், ஸ்க்ரீன் சேவர் இரண்டையும் நிறுத்திவைப்பது அவசியம். நிறம் திருத்தும் வேலைக்கும் இதே காத்திருப்பு பொருந்தும்.

நைட் லைட், தானாக வெளிச்சம் மாற்றும் வசதி, டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வெயில் திரையில் விழக் கூடாது. அடர் இளஞ்சிவப்புச் சுவர் உள்ள அறையில் நிறம் பார்ப்பதும் தப்பு.

இவ்வளவும் செய்தாலும் மலிவான திரை உயர்ரகத் திரையாகிவிடாது. அந்தத் திரையால் காட்ட முடியாத நிறங்களை எந்தப் புரொஃபைலும் வரவழைக்காது. மயில்கழுத்துப் பட்டின் மினுமினுப்பைக் காகிதம் முழுமையாகத் தாங்காது என்பதும் உண்மை. லேபிடம் அவர்களுடைய காகிதத்துக்கான புரொஃபைலைக் கேட்டு வாங்கி, அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே முன்கூட்டிப் பார்ப்பது நல்லது.

திரை பழசாகப் பழசாக நிறம் நகர்வதால், மாதம் ஒருமுறை மறுபடியும் அளக்க வேண்டும். சிறிய ஸ்டுடியோவுக்குக் கருவியின் விலை கொஞ்சம் கனம்தான். ஆனால் மாதத்தில் ஒரு நாள் மட்டுமே தேவைப்படும் பொருளை ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. ஒரே ஊர் ஸ்டுடியோக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம். அதுவரை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, மானிட்டரின் மெனுவில் 6500 அல்லது எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, லேபிலிருந்து வந்த ஒரு நல்ல பிரிண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.