டிஸ்க் வலிக்கு ஐஸ் ஒத்தடமும் வீட்டுக் கவனிப்பும்

கீழ் முதுகில் தொடங்கி பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம்வரை சுண்டி இழுக்கும் வலிக்குப் பெரும்பாலும் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்தான் காரணம். முதுகெலும்புத் தொடரில் மொத்தம் 23 டிஸ்க்குகள். அதிகம் கெடுபவை கடைசி இரண்டு: நான்காம், ஐந்தாம் இடுப்பு எலும்புகளுக்கு இடையில் இருப்பது ஒன்று, அதற்கும் கீழே இருப்பது மற்றொன்று. மேலுடம்பின் எடை முழுவதும் வந்து இறங்குவது அங்கேதான். குனியும்போது அதிகம் மடங்குவதும் அந்த இடம்தான்.

டிஸ்க்கின் வெளிப்புறம் கெட்டியான நார் வளையம். உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கொழகொழப்பான சதை. ‘டிஸ்க் விலகிடுச்சு’ என்று ஊரில் சொன்னாலும் முழு டிஸ்க் இடம் பெயர்வதில்லை. வளையத்தில் விரிசல் விட்டு உள்சதை பிதுங்குகிறது. அது பக்கத்திலுள்ள நரம்பு வேரை அழுத்துவதோடு, ரசாயன எரிச்சலையும் ஏற்படுத்தி வீங்க வைக்கிறது. முதுகில் நேர்ந்த கோளாறு காலில் வலியாகத் தெரிவது அதனால்தான். பிதுங்கிய டிஸ்க்குக்கும் கால்வலிக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1934இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் தெளிவாக எழுதிக் காட்டினார்கள்.

விழுப்புரம் மாவட்டத்தின் வேலைகளில் பல, குனிந்தோ சுமந்தோ செய்பவை. நெல் நடவிலும் களையெடுப்பிலும் பெண்கள் மணிக்கணக்கில் நிமிராமல் நிற்கிறார்கள். திண்டிவனத்தைச் சுற்றிய மானாவாரி நிலங்களில் கடலைச் செடி பிடுங்குவதும் குனிந்துதான். காய் ஆய்வது தரையில் குந்தி. கரும்பு வெட்டு, மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாருவது என எல்லாவற்றிலும் இடுப்பு ஒரே கோணத்தில் மடங்கியபடி இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஒரு நெல் மூட்டை 75 கிலோ. வயது வந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்தது. லோடுமேன்களிடம் யாரும் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. பேருந்து, லாரி ஓட்டுநர்களின் சிக்கல் வேறு: நீண்ட நேரம் உட்காருவதும் வண்டியின் அதிர்வும். நிற்பதைவிடக் கூனி உட்காரும்போது டிஸ்க்கின் உள்ளழுத்தம் கூடுகிறது.

வலி பிடித்த அன்று வீட்டில் எழும் முதல் கேள்வி ஐஸா, வெந்நீரா என்பது. ஐஸ் வைத்தால் தோலும் அதற்குக் கீழுள்ள நரம்பு நுனிகளும் குளிர்ந்து, வலியைக் கடத்தும் வேகம் குறைகிறது. இறுகிக் கெட்டித்துப்போன முதுகுத் தசை கொஞ்சம் தளர்கிறது. ஆனால் குளிர்ச்சி தோலுக்குக் கீழே ஓரிரு சென்டிமீட்டர்தான் சரியாக இறங்கும். டிஸ்க் இருப்பதோ தடித்த தசைகளுக்கும் எலும்புக்கும் அப்பால், ஐந்து சென்டிமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில். ஆகவே ஐஸ் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. பிதுங்கலை உள்ளே தள்ளுவதும் இல்லை. அது வலிக்கு மட்டுமான மருந்து. எழுந்து நாலு எட்டு நடக்கவும் இரவில் தூங்கவும் விட்டால், அதன் வேலை முடிந்தது.

அடிபட்ட இடத்தில் ஐஸ் வைக்கும் பழக்கம் பரவியதற்கு ஒரு கதை உண்டு. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ஒரு சூத்திரமாக 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் எழுதினார். விளையாட்டு மைதானங்களில் அது வேதவாக்கானது. பிற்காலத்தில் அதே மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். இடுப்பு வலியைப் பொறுத்தவரை 2006இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, புதிதாக வந்த வலிக்குச் சூட்டு ஒத்தடம் குறுகிய காலத்துக்கு ஓரளவு பலன் தருகிறது என்றும், ஐஸுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. அதற்காக ஐஸ் வீண் என்று ஒதுக்க வேண்டியதில்லை. பலருக்கு முதல் இரண்டு நாள் குளிர்ச்சிதான் இதமாக இருக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் திண்டிவனத்து ஓட்டு வீட்டில் படுத்திருப்பவருக்கு வெந்நீர்ப் பையை நீட்டினால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்தால் போதும். ‘குளிர்ச்சி பட்டா வாயு புடிச்சுக்கும்’ என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. அதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. எது இதமோ அது என்பதே இப்போதைக்கு நேர்மையான விடை.

ஐஸ் ஒத்தடத்துக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஃப்ரிட்ஜில் உறைந்த கட்டிகளை உடைத்து ஒரு பாலித்தீன் பையில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிக் கட்டினால் பை முதுகின் வளைவுக்குத் தக்கபடி படியும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மீன் கடை ஐஸும் உதவும். தோலுக்கு மேலே வைப்பதற்குச் சுத்தம் பெரிய பிரச்சினை இல்லை. பைக்கும் தோலுக்கும் நடுவே நனைத்துப் பிழிந்த மெல்லிய துண்டு அவசியம். வயிற்றின் கீழ் தலையணை வைத்துக் குப்புறப் படுத்தோ, ஒருக்களித்தோ 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். எந்நிலையிலும் 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. தோல் பழைய சூட்டுக்குத் திரும்ப அவகாசம் வேண்டும் என்பதால் அடுத்த முறைக்கு இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் ஜெல் பைகள் வெறும் ஐஸைவிடக் குளிர்ந்தவை. உருகும் ஐஸ் பூஜ்யம் டிகிரி. ஃப்ரீசரோ பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. அவற்றை நேராகத் தோலில் வைத்துத் தூங்கிப் போனவர்களுக்குத் தோல் வெந்ததுபோல் புண்ணாகியிருக்கிறது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய பாகம், மரத்துப்போன இடம், ரத்த ஓட்டம் குறைந்த கால் ஆகியவற்றுக்கு ஐஸ் ஆகாது. ஆகும் ஆகாது என்று சொல்லவேண்டிய உணர்ச்சியே அங்கு இல்லை.

இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு தசை இறுக்கம்தான் மீதமிருக்கும் என்பதால் சூடு பெரும்பாலோருக்கு ஒத்துவரும். வறுத்த உப்பையோ தவிட்டையோ துணியில் முடிந்து கொடுக்கும் ஒத்தடத்துக்கும் கடையில் விற்கும் வெந்நீர்ப் பைக்கும் வேலையில் வித்தியாசம் இல்லை. முடிச்சை முதலில் முன்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். தைலம் தேய்த்த கையோடு சூடு வைப்பது கூடாது, தோல் பொத்துவிடும். இடுப்பில் ஏறி மிதிக்கச் சொல்வது, சுளுக்கு வழிப்பது, எண்ணெய் போட்டு அழுந்த நீவுவது ஆகியவை சாதாரணப் பிடிப்பில் தற்செயலாகச் சரியாகிப்போகலாம். நரம்பு அழுந்தியிருக்கும் முதுகில் அவை ஆபத்து.

ஒத்தடத்தைவிட முக்கியமானது, வலி வந்தவர் படுத்தே கிடக்காமல் இருப்பது. ‘ஒரு மாசம் படுக்கையை விட்டு எழக்கூடாது’ என்பது பழைய காலத்து உத்தரவு. 1986இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஏழு நாள் படுத்தவர்களைவிட இரண்டு நாள் படுத்தவர்கள் எந்த வகையிலும் மோசமாக இல்லை. சீக்கிரமே வேலைக்கும் திரும்பினார்கள். 1995இல் பின்லாந்தில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: முடிந்த அளவு வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்களே எல்லோரையும் முந்தித் தேறினார்கள். வலி கடுமையாக இருக்கும் ஓரிரு நாள் படுக்கலாம். மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களை ஒரு முக்காலியின் மேல் போட்டுக்கொள்வதும், ஒருக்களித்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பதும் பலருக்கு ஆறுதல் தரும். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, கால்களைக் கீழே விட்டு எழ வேண்டும். பிறகு வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடை, சற்று இடைவெளி, மறுபடி நடை.

தரையில்தான் படுக்க வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. ஸ்பெயினில் 2003இல் 313 பேரிடம் ஒப்பிட்டதில் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டிமெத்தையே நாள்பட்ட இடுப்பு வலிக்கு நல்லதென்று தெரிந்தது. தொட்டிலாகக் குழியும் கயிற்றுக் கட்டில் வேண்டாம், அவ்வளவுதான். பாயில் படுப்பவருக்கு எழுவதே பெரும்பாடு. அந்த வாரங்களில் மட்டும் கட்டிலுக்கு மாறலாம். குந்தி உட்காரும் கழிப்பறைக்கு மேல் கமோடு நாற்காலி போட்டால் பாதி அவஸ்தை குறையும். முக்கினாலும் இருமினாலும் தும்மினாலும் காலுக்கு மின்சாரம்போல் வலி பாயும் என்பதால், கீரையும் பழமும் தண்ணீரும் கூட்டி மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் டிஸ்க் வைத்தியம்தான். இடுப்பில் குடம் சுமப்பது, துணி ஊறிய வாளியைத் திரும்பியபடி தூக்குவது, குட்டை விளக்குமாற்றால் பெருக்குவது ஆகியவற்றை வீட்டிலுள்ள மற்றவர்கள் சில வாரம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். வீடுகளில் பெண்களின் டிஸ்க் வலி நீண்டுகொண்டே போவதற்கு இது நடக்காததே பெரிய காரணம்.

நியூசிலாந்தின் இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி 1950களில் கண்டறிந்து, பின்னர் பிரபலப்படுத்திய எளிய பயிற்சி ஒன்று வீட்டில் செய்யத் தக்கது. குப்புறப் படுத்து இரண்டு நிமிடம். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தி இரண்டு நிமிடம். காலில் இருந்த வலி மேலேறி இடுப்பில் வந்து நின்றால், இடுப்பு சற்று அதிகம் வலித்தாலும், அது நல்ல அறிகுறி. வலி இன்னும் கீழே பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் எந்தப் பயிற்சியையும் சோதித்துப் பார்க்கலாம். வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வரும் வசதி உண்டு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

மருந்துக் கடையில் ‘இடுப்பு வலிக்கு ரெண்டு மாத்திரை’ என்று வாங்கிப் போடுவது வேறொரு வியாதிக்கு வழி. வலி நிவாரணிகள் சில நாளுக்கு உதவும். வாரக்கணக்கில், வெறும் வயிற்றில் போட்டால் குடல்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இடுப்பு பெல்ட்டை வேலை நேரத்தில் சில நாள் அணியலாம், அதையே நம்பி இருக்கக்கூடாது.

ஸ்கேன் படம் பலரை வீணாகப் பயமுறுத்துகிறது. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. அபாய அறிகுறி இல்லாதவருக்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன் தேவைப்படுவதில்லை. பிதுங்கிய சதையை உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. பெருமளவு பிதுங்கியவைதான் வேகமாகச் சுருங்குகின்றன என்பது வியப்பான உண்மை. பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். நெதர்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கால்வலி, காத்திருந்தவர்களுடையதைவிட விரைவில் தணிந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களில் ஐந்தில் இருவருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீட்டு வைத்தியம் செல்லாத இடங்கள் சில. மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகு வலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். இந்தியாவில் அதை முதலில் நினைக்க வேண்டும். விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி ஆகியவையும் மருத்துவரிடம் போக வேண்டியவை. நடக்கும்போது ஒரு காலின் செருப்பு தானாகக் கழன்று விழுந்தால், பாதத்தைத் தூக்கும் தசை வலுவிழக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும்விட அவசரமானது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடையிடுக்கிலும் மரத்துப்போவது, இரு கால்களும் ஒன்றாகத் தளர்வது. முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கொத்து முழுவதும் நசுங்கும்போது இப்படி ஆகும். இதற்கு அறுவை சிகிச்சை 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே நடக்க வேண்டும். விழுப்புரத்தில் இருப்பவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ, திண்டிவனத்துக்காரர்கள் அரசு மருத்துவமனை வழியாக அங்கேயோ, 108ஐ அழைத்து அன்றிரவே கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று ஐஸ் வைத்துக் காத்திருந்தால், போன சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.